கட்டடம், வகுப்பறை, நோய்: மூன்றும் ஒரே ஆராய்ச்சிக்குள் அடங்குமா?

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்த வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். சிவில் படித்து முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடுகிறீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பேராசிரியர் தன் ஆய்வுத் துறைகளாகக் கட்டட வடிவமைப்பு, பொறியியல் கல்வி, பொதுச் சுகாதாரம் என்று மூன்றை வரிசையாகப் போட்டிருக்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவருக்கு மூன்றாவது கால் வேறு இருக்கிறதே என்று தயங்குகிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது: “கட்டடம் மனிதரின் உடல்நலத்தை மாற்றுகிறது என்று சொல்லும் ஆய்வுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?” அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், மூன்றும் ஒட்டும். ஆனால் ஒரே வரியில் எழுதிவிட்டதால் ஒட்டிவிடாது. கட்டி முடித்து, ஆட்கள் குடியேறி, இரண்டு மூன்று வருடம் ஓடிய கட்டடத்துக்குத் திரும்பிப் போய் அளக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் ஒட்டுகிறது. அங்கே போகாத ஆராய்ச்சியில் மூன்றும் தனித்தனிக் கட்டுரைகளாகவே கிடக்கும்.

நான் அடிப்படையில் மெக்கானிக்கல். பன்னிரண்டு வருடம் ஏசியும் காற்றோட்டமும் டிசைன் செய்தேன், அப்புறம் கற்பித்தலும் ஆராய்ச்சியும். மருத்துவன் இல்லை, நோய்ப்பரவலியல் எனக்கு என்னோடு வேலை செய்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வந்தது. ஆகவே குழாய், காற்று, அளவீடு பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். நோய் பற்றிச் சொல்வதை அந்தத் துறையில் இருப்பவர் ஒருவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைகள் ஒரு காலத்தில் ஒரே ஆளிடம் இருந்தன. மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் 1858இல் அறைக் காற்றை அளந்து, கரியமில வாயு 1000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) தாண்டக்கூடாது என்றார். அந்த வாயு அந்த அளவில் விஷம் என்று அவர் சொல்லவில்லை. மனித உடலிலிருந்து காற்றில் கலக்கிற மற்ற எதையும் அன்றைக்கு அளக்க வழி இல்லை, இதை அளக்கலாம். எனவே இதை ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டார். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். அதே காலத்தில், 1859இல், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியபோது, நீளமான ஒல்லியான வார்டு, இரண்டு பக்கமும் எதிரெதிரே உயரமான ஜன்னல்கள் என்று வாதாடினார். கெட்ட காற்றே நோயை உண்டாக்குகிறது என்பது அவர் நம்பிக்கை. காரணம் தப்பு, ஜன்னல் சரி. இந்தத் துறையில் இப்படி அடிக்கடி நடக்கும்.

பிறகு கிருமிக் கோட்பாடு நிலைபெற்றது. மருத்துவர்கள் கிருமியின் பின்னால் ஆய்வுக்கூடத்துக்குள் போனார்கள், பொறியாளர்கள் சௌகரியத்தின் பின்னால் போனார்கள். ஹார்வர்டில் யாக்லூ என்ற ஆய்வாளர் 1936இல் வெளியிட்ட ஆய்வில், மூடிய அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த நடுவர்களை உள்ளே அனுப்பி, நாற்றம் எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆளுக்கு இவ்வளவு வெளிக்காற்று வேண்டும் என்று பிறகு வந்த விதிமுறைகள் பெரும்பாலும் இந்த மரபில் வந்தவைதான். அதாவது, நீங்கள் கல்லூரியில் படித்த காற்றோட்ட எண் நோயைத் தடுக்கக் கணக்கிட்ட எண் இல்லை. உள்ளே வருகிறவர் மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் போட்ட எண். நான் இதை வகுப்பில் சொல்லும்போது பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்பமாட்டார்கள். 1970களின் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, ஆற்றலை மிச்சப்படுத்த, ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கத்தின் விதிமுறை ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வரை இறங்கியது. 1989இல் அது 15க்கு ஏறியது. தொற்றைக் கட்டுப்படுத்துவதற்கென்றே ஆஷ்ரே ஒரு விதிமுறை வெளியிட்டது 2023இல்தான், அதுவும் கோவிட் வந்து போன பிறகு.

நடுவில் ஒன்றிரண்டு பேர் இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம் ஃபர்த் வெல்ஸ் ஒரு பொறியாளர். இருமும்போது தெறிக்கிற துளி தரையில் விழுவதற்குள் காய்ந்து, மிக நுண்ணிய துகளாகக் காற்றிலேயே மிதக்கலாம் என்று 1934இல் எழுதினார். அவருடைய மாணவராக இருந்த ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவர் 1950களின் பிற்பகுதியில் பால்டிமோரில் அதைச் சோதித்துக் காட்டினார். காசநோயாளிகள் இருந்த ஆறு படுக்கை வார்டு ஒன்றின் காற்றை டக்ட் வழியாக மேல் தளத்துக்குக் கொண்டுபோய், அங்கே கினிப் பன்றிகள் இருந்த கூண்டறைக்குள் விட்டார்கள். நோயாளியை ஒருபோதும் நெருங்காத விலங்குகளுக்கு நோய் வந்தது. புற ஊதா விளக்கு வைத்த டக்ட் வழியாக வந்த காற்றைச் சுவாசித்த விலங்குகளுக்கு வரவில்லை. ஒரு கட்டடத்தின் காற்றுக் குழாயையே ஆய்வுக் கருவியாக மாற்றிய சோதனை அது. மூன்று துறைகள் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இனி, உறுதியாகத் தெரிந்தது எது என்று பார்ப்போம். மூடிய, காற்று மாறாத அறையில் காசநோய், தட்டம்மை போன்றவை எளிதாகப் பரவும் என்பது உறுதி. கட்டடத்தின் தண்ணீர் அமைப்பே நோயை வளர்க்கலாம் என்பதும் உறுதி: 1976இல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள், மறு வருடம் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அடையாளம் காணப்பட்டது. கூலிங் டவர், வெந்நீர்க் குழாய் என்று வெதுவெதுப்பாகத் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டைப் பற்றி விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் எனக்கு மிகவும் பாடம் சொன்னது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ். 2003இல் சார்ஸ் பரவியபோது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, அதில் சுமார் 40% ஒரே பிளாக்கில். வயிற்றுப்போக்கோடு இருந்த ஒருவர் அங்கே வந்து தங்கியதில் ஆரம்பித்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற வாய்க்குக் கீழே யு வடிவத்தில் ஒரு வளைவு இருக்குமே, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் அடைக்கும் மூடி. அங்கே பலர் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே சுத்தம் செய்ததால் அந்த வளைவுகள் காய்ந்து கிடந்தன. மேலே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அறைக்குள் அழுத்தம் குறைந்து, காய்ந்த வளைவு வழியாகக் கழிவுக் குழாயின் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. டிராயிங்கில் தப்பு இருந்ததா? வளைவு இருந்தது, ஃபேன் இருந்தது, குழாய் இருந்தது. வரைந்தவர் நினைத்ததுபோல வீட்டுக்காரர் தரையைக் கழுவவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று லீமா. பெரு நாட்டின் அந்த நகரத்தில் எட்டு மருத்துவமனைகளில் எழுபது அறைகளை எஸ்கோம்பும் அவருடைய குழுவும் அளந்து 2007இல் வெளியிட்டார்கள். அறைக்குள் கரியமில வாயுவை விட்டு, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் காற்று மாறியது 28 முறை, இது இடைநிலை மதிப்பு. இயந்திரக் காற்றோட்டம் கொண்ட தனிமை அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது 12 முறை. இன்னும் சுவாரசியம், ஐம்பது வருடத்துக்கு மேல் பழையதான, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட கட்டடங்களில் 40 முறை. புதிதாகக் கட்டிய, ஜன்னலை நம்பிய அறைகளில் 17 முறை. நைட்டிங்கேல் பார்த்திருந்தால் ஒரு புன்னகை செய்திருப்பார். இதைப் படித்துவிட்டு ‘இயந்திரம் வேண்டாம், ஜன்னல் போதும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். ஜன்னல் திறந்திருந்தால்தான் அந்த 28. குளிர் அடித்தாலும், வெளியே புகையோ இரைச்சலோ இருந்தாலும், கொசு வந்தாலும் மூடிவிடுவார்கள். மூடினால் அந்த 28 ஒன்றரையாகிவிடும் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. காற்றின் வழியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற சிக்கலும் உண்டு: நோயாளியின் அறையிலிருந்து காற்று தாழ்வாரத்துக்குத்தான் போகிறது என்றால் 28 முறை மாறி என்ன பயன்?

மேலே சொன்னவற்றை நான் உறுதி என்று சொல்வதற்குக் காரணம், காரணத்திலிருந்து விளைவு வரை ஒவ்வொரு கண்ணியையும் தொட்டுப் பார்க்க முடிகிறது. கிருமி இருக்கிறது, காற்றோ தண்ணீரோ அதைக் கொண்டுபோகிறது, வழியை அடைத்தால் நிற்கிறது. இந்தச் சங்கிலி இல்லாமல் ‘இப்படிக் கட்டினால் இப்படி ஆகும்’ என்று மட்டும் சொல்கிற ஆய்வுகளில்தான் கொஞ்சம் உப்பு புளி பார்க்க வேண்டும்.

மிகவும் புகழ்பெற்றதையே எடுத்துக்கொள்வோம். ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள் என்பது முடிவு. மருத்துவமனை வடிவமைப்பு பற்றிய பேச்சு எதுவாக இருந்தாலும் முதல் ஸ்லைடில் இது வந்துவிடும். மொத்த நோயாளிகள் 46 பேர், 23 ஜோடி. தங்கிய நாட்களின் வித்தியாசம் ஒரு நாளுக்கும் குறைவு. அதுவும் ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலிருந்து. உல்ரிச் அந்த வரம்புக்குள் கவனமாகத்தான் செய்தார். ஜோடி சேர்ப்பதில் வயது, பால், புகைப்பழக்கம் எல்லாம் பார்த்தார். மரம் நல்லது செய்கிறது என்று நானும் நம்புகிறேன். ஆனால் 46 பேரின் மேல் இத்தனை மருத்துவமனைகளின் டிசைன் தத்துவத்தை ஏற்றிவைத்தது அவர் குற்றமில்லை, நம் அவசரம்.

அடுத்தது கரியமில வாயுவும் மூளையும். 2012இல் 22 பேரை வைத்து ஒரு சோதனை: சுத்தமான கரியமில வாயுவை அறைக்குள் விட்டு 600, 1000, 2500 பிபிஎம் என்று மாற்றியபோது முடிவெடுக்கும் திறன் மதிப்பெண்கள் சரிந்தன. 2016இல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு 24 பேரை வைத்து, அதே வகைத் தேர்வில், அதே திசையில் முடிவு சொன்னது. செய்தித்தாள்களில் ‘கூட்ட அறை உங்களை முட்டாளாக்குகிறது’ என்று தலைப்பு வந்தது. ஆனால் டென்மார்க்கில் செய்த சோதனையில் சுத்தமான வாயுவை 3000 பிபிஎம் வரை ஏற்றியும் மாற்றம் தெரியவில்லை. காற்றோட்டத்தைக் குறைத்து, மனித உடலிலிருந்து வரும் மற்ற வாயுக்களும் சேர்ந்து தேங்கியபோதுதான் தெரிந்தது. 2018இல் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் 36 பேருக்கு, முந்தைய ஆய்வுகள் பயன்படுத்திய அதே தேர்வை வைத்து, 15,000 பிபிஎம் வரை கொண்டுபோனார்கள், மதிப்பெண் அசையவில்லை. அவர்கள் பழகிப்போனவர்கள் என்று சொல்லலாம், சொல்கிறார்கள். என் கணிப்பு, பெட்டன்கோஃபர் 1858இல் நின்ற இடத்துக்கே நாம் திரும்பிக்கொண்டிருக்கிறோம்: அந்த வாயு குற்றவாளி இல்லை, குற்றம் நடந்த இடத்தைக் காட்டுகிற கைரேகை. இது கணிப்புதான். இன்னும் பத்து வருடத்தில் யாராவது என்னைத் திருத்தலாம்.

பள்ளிகளில் பகல் வெளிச்சம் பற்றிய கதையும் இப்படித்தான். 1999இல் அமெரிக்காவின் மூன்று பள்ளி மாவட்டங்களில் சுமார் 21,000 மாணவர்களின் மதிப்பெண்களைப் பார்த்து, கலிஃபோர்னியா மாவட்டத்தில் வெளிச்சம் மிகுந்த வகுப்பறைப் பிள்ளைகள் கணக்கில் 20% வேகமாக முன்னேறினார்கள் என்று சொன்னார்கள். அதே குழு 2003இல் வேறொரு மாவட்டத்தில் செய்து பார்த்தபோது வெளிச்ச அளவு அப்படி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கண்கூச்சம், ஜன்னல் வழிக் காட்சி போன்றவைதான் முன்னுக்கு வந்தன. தங்கள் முதல் முடிவுக்கு எதிரானதைத் தாங்களே வெளியிட்டார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை. ஆனால் முதல் ஆய்வு இன்றும் விற்பனைக் கையேடுகளில் வருகிறது, இரண்டாவது வருவதில்லை.

இந்தத் தடுமாற்றத்துக்கெல்லாம் அடியில் இருக்கும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், காரணம் உங்கள் ஆராய்ச்சியிலும் இதுதான் காலை வாரும். மருந்துச் சோதனையில் ஆயிரம் பேரில் யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று சீட்டுக் குலுக்கலாம். கட்டடத்தை அப்படிக் குலுக்க முடியாது. புதுக் கட்டடத்தில் ஐந்நூறு பேர், பழைய கட்டடத்தில் ஐந்நூறு பேர், ஆக ஆயிரம் பேரின் தகவல் என்று பெருமையாக எழுதுவார்கள். ஆயிரம் இல்லை. இரண்டு. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் அதே மேலாளர், அதே சத்தம், அதே கேன்டீன், அதே போக்குவரத்து. வித்தியாசம் ஜன்னலால் வந்ததா, புதுக் கட்டடத்துக்குப் போன துறை ஏற்கெனவே செல்லப்பிள்ளையாக இருந்ததால் வந்ததா என்று எந்தப் புள்ளியியல் மென்பொருளும் சொல்லாது. இதைச் சமாளிக்க வழி உண்டு: பல கட்டடங்களை எடுத்துக்கொண்டு, மாணவர் வகுப்பறைக்குள், வகுப்பறை பள்ளிக்குள் என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் கணக்கிடுவது. பீட்டர் பேரட்டின் குழு 2015இல் இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளை அப்படித்தான் செய்தது. வகுப்பறையின் அமைப்பு மாணவர் முன்னேற்றத்தில் உள்ள வேறுபாட்டில் 16 சதவீதத்தை விளக்குகிறது என்பது அவர்கள் சொன்னது. ‘நல்ல வகுப்பறை கட்டினால் மதிப்பெண் 16% கூடும்’ என்று அதைத் திருப்பி எழுதுகிறவர்கள் ஏராளம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சரி, பொறியியல் கல்வி இதில் எங்கே வருகிறது? என் அனுபவம் ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும். ஒரு முறை மாணவர்களை அவர்கள் தினமும் உட்காருகிற வகுப்பறையையே அளக்கச் சொன்னேன். நீளம் 9 மீட்டர், அகலம் 7, உயரம் 3.2, ஆக சுமார் 200 கன மீட்டர். ஐம்பது பேர். டிராயிங்கை எடுத்துப் பார்த்தால் மணிக்கு ஆறு முறை வெளிக்காற்று மாறும் என்று போட்டிருந்தது. முக்கால் மணி நேர வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, கரியமில வாயுவை அளக்கும் கருவி கடைசி பெஞ்சில் ஒன்று, மேசையில் ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்தோம். உள்ளே 2,420 பிபிஎம், வெளியே 420. அரை மணி நேரம் கழித்து உள்ளே 1,420. அதாவது வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருந்த 2000, பாதியாக 1000 ஆக அரை மணி நேரம் பிடித்தது. இரண்டின் இயல்மடக்கை 0.69, அதை அரை மணியால் வகுத்தால் மணிக்கு 1.4 முறை. ஆறு எங்கே, ஒன்றரைகூட இல்லாத இது எங்கே? ஆளுக்கு நொடிக்கு ஒன்றரை லிட்டர் காற்று. வகுப்பறைக்குப் பொதுவாக எதிர்பார்ப்பது ஏழிலிருந்து பத்து.

ஒரு மாணவி கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறினோம். வெளிக்காற்று வரும் டேம்பரை, அதாவது குழாயில் காற்றைத் திறந்து மூடும் தகட்டை, இறுக்கி மூடி, அது திரும்பத் திறக்காதபடி கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பராமரிப்பு ஊழியரைக் கேட்டேன். “அது மூடி மூணு வருஷம் ஆச்சு சார். வெளிக்காத்து வந்தா ரூம் குளிர மாட்டேங்குதுன்னு கம்ப்ளைன்ட் வந்துச்சு” என்றார், ரொம்ப சாதாரணமாக. அந்த மூன்று வருடமும் நான் அதே அறையில் காற்றோட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இறங்கும்போது ஒரு பையன் கேட்டான்: “சார், இது எந்தப் பாடத்துல வரும்?” எந்தப் பாடத்திலும் வராது. டிசைன் பாடம் டிராயிங்கோடு முடிந்துவிடும், பராமரிப்பு நம் வேலை இல்லை என்று நினைக்கிறோம், நோய் மருத்துவக் கல்லூரிக்காரர்களின் வேலை. கட்டுக்கம்பி இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது.

பிரிட்டனில் பில் போர்டாஸ், ஏட்ரியன் லீமன் முதலியவர்கள் 1995 முதல் 2002 வரை ப்ரோப் என்ற பெயரில் சுமார் இருபது கட்டடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பரிசும் பாராட்டும் பெற்ற கட்டடங்கள் பல அதில் உண்டு. ஆற்றல் செலவு வடிவமைப்பாளர் நினைத்ததைவிட மிக அதிகம், கட்டுப்பாட்டு சுவிட்சுகள் யாருக்கும் புரியவில்லை, தானியங்கி ஜன்னல்கள் ஆட்களை எரிச்சலூட்டின என்று வெளிப்படையாகக் கட்டடத்தின் பெயரைப் போட்டே எழுதினார்கள். இதை வழக்கமான தொழில்முறையாக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. பெரும்பாலான இடங்களில் ஆகவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க யார் பணம் தருவார்கள்? தப்பு தெரிந்தால் யார் பொறுப்பு? வழக்கறிஞர்கள் வேண்டாம் என்பார்கள்.

கல்வி ஆய்விலும் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்துதான் இருக்கின்றன. ஃப்ரீமனின் குழு 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்து, வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வி 33.8%, மாணவர்களை வகுப்பிலேயே செய்யவைத்துக் கற்பித்தால் 21.8% என்று காட்டியது. இதை நான் நம்புகிறேன். 2019இல் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் இன்னொரு வேடிக்கை தெரிந்தது: செய்து கற்றவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். ஆசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆய்வு செய்கிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மறுபக்கம், ‘ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி’ என்ற கருத்து 1988இல் ஃபெல்டரும் சில்வர்மனும் எழுதிய கட்டுரையால் பொறியியல் கல்வியில் வேர்விட்டது. பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008இல் பேஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் அலசிச் சொல்லிவிட்டார்கள். இன்னும் கருத்தரங்குகளில் வந்துகொண்டே இருக்கிறது. கவனியுங்கள், ஃப்ரீமனின் ஆய்வுகள் அளந்தது தேர்வையும் தேர்ச்சியையும்தான். அப்படிக் கற்றவர்கள் பிறகு கட்டிய கட்டடங்களில் டேம்பர் திறந்திருந்ததா என்று அவை கேட்கவில்லை. மூன்று துறையையும் சேர்க்கிற ஆராய்ச்சிக்கு இங்கே இடம் காலியாக இருக்கிறது.

உங்கள் பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கடைசி எட்டுப் பத்துக் கட்டுரைகளை எடுத்து, முடிவுரையை விட்டுவிட்டு, செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். ஆட்கள் இருக்கும் கட்டடத்தில் அளந்தாரா, கணினியில் மட்டும் ஓட்டினாரா? கணினியில் மாதிரி ஓட்டுவது கேவலம் இல்லை, நானும் செய்கிறேன். ஆனால் அதில் ஜன்னலை மூடுகிற ஆள் கிடையாது. சுகாதாரக் கட்டுரைகளில் நோய்ப்பரவலியல் தெரிந்த ஒருவர் கூட்டாசிரியராக இருக்கிறாரா? எல்லாப் பெயரும் சிவில் துறையாகவே இருந்து தலைப்பில் மட்டும் ‘ஆரோக்கியம்’ இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கல்விக் கட்டுரை என்றால், பாடம் முடிந்ததும் ‘பிடித்திருந்ததா’ என்று கேட்ட கருத்துக்கணிப்பா, இல்லை ஒப்பிட ஒரு குழு வைத்து அளந்ததா? எதிர்பார்த்தது கிடைக்காத கட்டுரை ஒன்றாவது இருந்தால் அது நல்ல அடையாளம். இவை தேறினால் மூன்று துறை பற்றிப் பயப்பட வேண்டாம். தேறாவிட்டால் ஒரே துறை போட்டிருந்தாலும் நான் சேரமாட்டேன்.

அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். வீட்டுக்குள், மருத்துவமனைக்குள், பள்ளிக்குள் போய் அளக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இதற்கே ஒரு வருடம் போய்விடலாம். அந்த வருடத்தை அவர் எப்படிச் சமாளிக்கவைத்தார் என்று கேளுங்கள். நீங்கள் சிவில் என்பதால் அடுக்குநிலைப் புள்ளியியலும் சென்சாரை அளவுதிருத்தம் செய்வதும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். இரண்டையும் சேருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம். மலிவான மீட்டர்கள் பொய் சொல்லும்; வெளியே வைத்தால் 420க்கு அருகில் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நீங்கள் படித்த வகுப்பறை ஒன்றுக்கு அனுமதி வாங்கிப் போய், மேலே சொன்ன அரை மணி நேரச் சோதனையைச் செய்து, அந்த ஒரு எண்ணையும் டிராயிங்கில் இருக்கும் எண்ணையும் எடுத்துக்கொண்டு பேராசிரியரைச் சந்தியுங்கள். அவர் டிராயிங்கைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாரா, ஏணி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாரா என்று பாருங்கள்.